வேலை எங்கே காத்து நிற்கிறது? செயற்பாட்டு முகாமைத்துவத்துக்குப் புதியவருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் உள்ள நடுத்தர அளவு வணிக நிறுவனமொன்றில், நேற்றுவரை கணக்குப் பகுதியிலோ விற்பனைப் பகுதியிலோ இருந்த ஒருவரை முதலாளி அழைத்து, "இனி செயற்பாடுகளை நீங்கள் பாருங்கள்" என்று சொல்லிவிடுவது வழமையாக நடப்பதே. பதவிக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும், மேசையும் கிடைத்துவிடும். காலையில் வந்து எதைப் பார்ப்பது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். அப்படிப் பொறுப்பேற்றவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எழுதுபொருள் மொத்த விநியோகத்திலிருந்து வருகின்றன. எனக்குப் பழக்கமான தொழில் அதுதான். இரும்புக் கடை, அச்சகம், பேக்கரி, மருந்து விநியோகம் என்று எதில் இருப்பவரும் பொருளின் பெயரை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

உற்பத்தித்திறன் என்ற சொல்லைக் கேட்டதும் ஊழியர்களை இன்னும் வேகமாக ஓடவைப்பதே வழி என்று பலர் நினைக்கிறார்கள். நான் வேலை செய்த இடங்களில் மனிதர்கள் மெதுவாக இருந்ததை அரிதாகத்தான் கண்டேன். பொருளும் தாளும்தான், யாராவது கையில் எடுப்பார்களா என்று மேசையிலும் தட்டிலும் தரையிலும் காத்துக் கிடந்தன. ஆகவே யார் சும்மா இருக்கிறார் என்று தேடுவதை விட்டு, வேலை எங்கே காத்து நிற்கிறது என்று தேடத் தொடங்குங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு தேடலின் பகுதிகளே.

முதற்படி: ஒரு ஓடரின் பின்னால் நடந்து பாருங்கள்

முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, சாதாரணமான ஓடர் ஒன்றைத் தெரிந்து, அது தொலைபேசியில் வந்த நேரத்திலிருந்து லொறியில் ஏறும்வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். பெரிய வாடிக்கையாளரின் அவசர ஓடரை எடுக்கக் கூடாது. அதற்கு எல்லோரும் வழிவிடுவார்கள் என்பதால் நீங்கள் காண்பது உண்மை நிலையாக இராது. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: அங்கு வந்து சேர்ந்த நேரம், ஒருவர் அதைக் கையில் எடுத்த நேரம், முடித்த நேரம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் குறித்து வைத்த பக்கமொன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அலுவலகம் பம்பலப்பிட்டியில், களஞ்சியம் பேலியகொடையில். திங்கட்கிழமை காலை 9.10க்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடையொன்றிலிருந்து ஓடர் வந்தது. அதைச் சிட்டையில் எழுத 4 நிமிடம் சென்றது. சிட்டை தட்டில் கிடந்து 11.40க்குக் கணினியில் ஏறியது. அது 6 நிமிட வேலை. பின்னர் கடன் அனுமதிக்காகப் பணிப்பாளரின் மேசைக்குப் போய், மாலை 4.15க்கு அவருடைய ஒப்பத்தைப் பெற்றது. அவர் பார்த்து ஒப்பமிட எடுத்த நேரம் 3 நிமிடம். களஞ்சியத்தில் மறுநாள் 10.30க்குப் பொருட்களை எடுக்கத் தொடங்கி 18 நிமிடத்தில் முடித்தார்கள். சரிபார்த்துப் பொதி செய்ய 11 நிமிடம்தான், ஆனால் அதற்குக் கை வைத்தது பிற்பகல் 2.20க்கு. பட்டியல் அடிக்க 5 நிமிடம். லொறி புறப்பட்டது புதன்கிழமை காலை 8 மணிக்கு.

கூட்டிப் பார்த்தால் ஓடர் எங்கள் நிறுவனத்துக்குள் இருந்தது 46 மணி 50 நிமிடம். அதில் மனிதக் கை பட்டது 47 நிமிடம். இரவுகளைக் கழித்து, 8.30 முதல் 5 மணிவரையான அலுவலக நேரத்தை மட்டும் எண்ணினாலும் 16 மணி 20 நிமிடம் வருகிறது; அதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வேலை நடக்கவில்லை. எல்லோரையும் இருமடங்கு வேகமாக ஓடவைத்திருந்தால் ஏறக்குறைய 47 மணியான அந்த நேரத்தில் குறைந்திருப்பது வெறும் 24 நிமிடம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தபின் நாங்கள் செய்த முதல் மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. பழைய நிலுவை இல்லாத வாடிக்கையாளரின் ஓடர், குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாக இருந்தால், பணிப்பாளரின் ஒப்பத்துக்குப் போகாமல் கடன் கணக்கைப் பார்க்கும் எழுதுவினைஞரே அனுமதிக்கலாம் என்று விதியைத் திருத்தினோம். ஓடர்களில் பெரும்பகுதி அந்தத் தொகைக்குள் அடங்கியது. முன்பு எழுந்த சந்தேகமெல்லாம் கடன் மோசமாகிவிடுமோ என்பதுதான். ஆனால் பணிப்பாளர் அதுவரை அந்தச் சிறு ஓடர்களில் எதையும் மறுத்ததே இல்லை என்பது பழைய கோப்புகளைப் பார்த்தபோது தெரிந்தது.

இந்த நடையின்போது ஊழியர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவது அவசியம். கொப்பியோடு பக்கத்தில் நிற்பவரை யாரும் விரும்புவதில்லை. "தம்பி, எங்களை எழுதுறீங்களா, சாமானை எழுதுறீங்களா?" என்று களஞ்சியத்தில் மூத்தவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "சாமானைத்தான், நானா" என்று கொப்பியை அவர் கையில் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாத இன்னும் இரண்டு காத்திருப்புகளை அவரே காட்டித் தந்தார்.

இரண்டாம் படி: ஓர் அளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

உற்பத்தித்திறன் என்பது வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து வரும் எண். உயர்தர வணிகக் கல்விப் பாடத்தில் படித்த அதே வாய்ப்பாடுதான். பிழை வருவது எதை வெளியீடாகவும் எதை உள்ளீடாகவும் எடுக்கிறோம் என்பதில். விற்பனைப் பெறுமதியை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால், விலை ஏறும்போதெல்லாம் உற்பத்தித்திறனும் ஏறியதுபோல் தோன்றும். 2022இல் விலைகள் ஏறிய வேகத்தில் அப்படிக் கணக்கிட்டவர்கள் எல்லோரும் திறமைசாலிகளாகத் தெரிந்திருப்பார்கள். ஆகவே ரூபாவை விட்டுவிட்டு, எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். களஞ்சியத்துக்கு அது ஒரு மனித மணித்தியாலத்தில் எடுக்கப்பட்ட பட்டியல் வரிகளாக (ஒரு பொருளுக்கு ஒரு வரி) இருக்கலாம், அச்சகத்துக்கு மீள அடிக்கத் தேவையில்லாத தாள்களாக இருக்கலாம்.

ஆறு பேர் எட்டு மணி நேரம் வேலை செய்தால் 48 மனித மணித்தியாலங்கள். அன்று 1,440 வரிகள் எடுக்கப்பட்டால் மணித்தியாலத்துக்கு 30 வரிகள். வேலை கூடிய நாளில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் மேலதிகமாக வைத்து 1,680 வரிகளை முடித்தார்கள் என்று கொள்வோம். வெளியீடு கூடியிருக்கிறது, முதலாளியும் மகிழ்ச்சியடைவார். ஆனால் 60 மணித்தியாலத்துக்கு 1,680 என்றால் மணித்தியாலத்துக்கு 28தான். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டியிருப்பதால், சம்பளம் கொடுத்த கணக்கில் அது 66 மணித்தியாலங்கள்; அப்போது 25.5 வரிகளுக்குச் சற்றுக் குறைவு. கடினமாக உழைத்த அந்த நாளில் உற்பத்தித்திறன் உண்மையில் விழுந்திருக்கிறது.

சம்பளக் கணக்கை நீங்கள் நேரடியாகப் பார்க்காவிட்டாலும் சில எண்களை மனத்தில் வைத்திருங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் வருவோருக்கு உணவு இடைவேளை நீங்கலாக நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமும் சாதாரண வேலை நேரம். சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் செலுத்துகிறார். அதாவது 60,000 ரூபா சம்பளம் நிறுவனத்துக்கு 69,000 ரூபா. "இன்னும் ஓர் ஆளைப் போடுவோம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது இந்த எண்ணைச் சொல்லிவிட்டு, ஆள் எங்கே தேவைப்படுகிறார் என்று கேளுங்கள். அடுத்த படி அந்தக் கேள்விக்குரியது.

மூன்றாம் படி: முட்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நாளில் கணினியில் 80 ஓடர்களைப் பதியலாம், 60 ஓடர்களுக்குப் பொருள் எடுக்கலாம், 45 ஓடர்களைச் சரிபார்க்கலாம், லொறிகளில் 70 ஓடர்களை ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்திலிருந்து நாளுக்கு எத்தனை ஓடர்கள் வெளியே போகும்? 45தான். பொருள் எடுக்கும் இடத்தில் இன்னும் இருவரைச் சேர்த்தால், சரிபார்க்கும் மேசைக்கு முன்னால் அட்டைப் பெட்டிகள் இன்னும் உயரமாக அடுக்கப்படும். வெளியே போவது 45ஆகவே இருக்கும். இவ்வளவு எளிய கணக்கு, ஆனால் ஆட்களும் இயந்திரங்களும் தவறான இடத்தில் சேர்க்கப்படுவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். எங்கே சத்தம் அதிகமோ அங்கேதான் ஆள் போடப்படும். வேலை முட்டுகிற இடமோ பெரும்பாலும் அமைதியாக, தலை குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்த இடத்தைக் காண்பதற்கு எளிய வழி, மாலை நான்கு மணியளவில் களஞ்சியத்தைச் சுற்றி வந்து, எதற்கு முன்னால் குவியல் பெரிதாக இருக்கிறது என்றும் எதற்குப் பின்னால் ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள் என்றும் பார்ப்பது. கண்டபின் உடனே ஆள் சேர்க்காதீர்கள். அங்கே இருப்பவர் செய்யத் தேவையில்லாத வேலை என்ன செய்கிறார் என்று முதலில் பாருங்கள். எங்கள் சரிபார்ப்பவர் திரும்பி வந்த பொருட்களுக்குச் சிட்டை எழுதினார், வாடிக்கையாளரின் தொலைபேசிக்கும் பதில் சொன்னார்; இரண்டிலும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போனது. அப்படியானால் அவர் 480 நிமிடங்களில் அல்ல, 390 நிமிடங்களில்தான் 45 ஓடர்களை முடித்திருக்கிறார். தொலைபேசியையும் சிட்டையையும் வேறொருவருக்கு மாற்றினால் அதே வேகத்தில் 55 ஓடர்கள் போகும். மதிய உணவுக்கு அவர் எழும்பும்போது இன்னொருவர் அந்த மேசையில் அமரும்படி செய்தால் இன்னும் சில ஓடர்கள் கூடும்.

இங்கே பயன்படும் விதியொன்றை ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் கணித முறையில் நிறுவினார்: ஓரிடத்தில் சராசரியாக நிலுவையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, வந்து சேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் காலத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம். நாளுக்கு 40 ஓடர்கள் வந்து, உங்களிடம் எப்போதும் 120 ஓடர்கள் நிலுவையில் இருந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளரும் சராசரியாக மூன்று நாட்கள் காத்திருக்கிறார். விற்பனைப் பிரதிநிதி ஒரே நாளில் தருவதாக எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அப்படித்தான். தட்டில் உள்ள தாள்களை எண்ணினாலே போதும், வாக்குறுதி நிறைவேறுமா என்று தெரிந்துவிடும்.

வேலை முட்டும் இடம் எப்போதும் ஒரு மனிதராகவோ இயந்திரமாகவோ இருப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தை எட்டியபோது, அந்த இடம் மின்சாரமாக இருந்தது. மின்சாரம் உள்ள நேரத்தை இயந்திரத்துக்கே ஒதுக்கி, வெட்டுதல், அடுக்குதல், எண்ணுதல், பொதி செய்தல் போன்ற கைவேலைகள் எல்லாவற்றையும் இருட்டு நேரத்துக்குத் தள்ளிய அச்சகங்கள் அந்த மாதங்களைக் கடந்தன. எது அரிதோ அதன் நேரத்தை வீணாக்காமல் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைப்பதுதான் இந்தப் படியின் முழுச் சாரமும். பாடநூல் வாசிக்காமலே பலர் அதைச் செய்து காட்டினார்கள்.

நான்காம் படி: களஞ்சியத்தில் தூங்கும் பணம்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தைச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் தேவைக்கு மிஞ்சிய இருப்பும் ஒன்று. காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, தேவையற்ற அசைவு, மிகை உற்பத்தி, மிகைச் செயலாக்கம், குறைபாடு ஆகியவை மற்றவை. இதை வாசித்துவிட்டு வரும் இளைஞர்கள் இருப்பையெல்லாம் குறைக்க வேண்டும் என்று புறக்கோட்டை முதலாளி ஒருவரிடம் சொன்னால் அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. டொயோட்டாவுக்குப் பாகங்கள் தருவோரில் பலர் தொழிற்சாலைக்கு அண்மையில் இருந்தார்கள். நமக்கோ பெரும்பாலான பொருள் துறைமுகம் வழியாக வருகிறது. கப்பல் பிந்தலாம், சுங்கத்தில் தாமதமாகலாம். 2022இல் போல, இறக்குமதிப் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடன்கடிதம் திறக்க டொலரே இல்லாமலும் போகலாம். அந்த ஆண்டில் களஞ்சியம் நிறைய வைத்திருந்தவர்தான் தப்பினார். ஆகவே இருப்பைக் கண்ணை மூடிக் குறைக்காமல், எந்தப் பொருளில் எவ்வளவு என்று கணக்கோடு தீர்மானிக்க வேண்டும்.

எல்லாப் பொருட்களையும் ஒரே கவனத்தோடு பார்க்க முடியாது. ஆண்டு விற்பனைப் பெறுமதியின்படி பொருட்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள். மேலே உள்ள சிறு பகுதியே பெறுமதியின் பெரும்பகுதியைக் கொண்டிருக்கும். எழுதுபொருளில் அது பெரும்பாலும் ஏ-4 தாளும் பயிற்சிக் கொப்பியும். அவற்றை முதல் வகுப்பாகக் கொண்டு வாரந்தோறும் பாருங்கள். நடுவில் உள்ளவற்றை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கடைசி வகுப்பில் வரும் குண்டூசிக்கும் இறப்பர் பட்டிக்கும் கணக்குப் போட்டு நேரத்தைச் செலவிடாமல், இரண்டு பெட்டி வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை வாங்கினால் போதும்.

முதல் வகுப்புப் பொருளுக்கு இரண்டு எண்கள் தேவை: எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது. ஆண்டுக்கு 3,600 பெட்டி விற்பனையாகும் பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை கொள்வனவு செய்வதற்கான செலவு, கடிதம், லொறி, இறக்குகிற நாட்டாமைக்கான கூலி உட்பட, 1,000 ரூபா. ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்கும் செலவு, முடங்கிய பணத்தின் வட்டியும் இடவாடகையும் சேர்த்து, 80 ரூபா. 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தந்த சிக்கனக் கட்டளைத் தொகை வாய்ப்பாட்டின்படி, 2ஐயும் 3,600ஐயும் 1,000ஐயும் பெருக்கி, 80ஆல் வகுத்தால் 90,000. அதன் வர்க்கமூலம் 300. ஆகவே ஒரு முறைக்கு 300 பெட்டிகள், ஆண்டுக்கு 12 முறை. இந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. 250 ஆனாலும் 350 ஆனாலும் மொத்தச் செலவு பெரிதாக மாறாது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று 1,500 பெட்டிகளை வாங்கச் சொல்லும் வழங்குநரிடம் பேசும்போது உங்கள் கையில் ஓர் அளவுகோல் இருக்கும்.

எப்போது வாங்குவது என்பதற்கு மீள்கட்டளை மட்டம் வேண்டும். 300 வேலை நாட்கள் என்றால் சராசரி விற்பனை நாளுக்கு 12 பெட்டிகள். பொருள் வந்துசேரச் சராசரியாக 10 நாட்கள். பாடசாலை திறக்கும் காலத்தில் விற்பனை நாளுக்கு 18 வரை போகும், மோசமான மாதத்தில் பொருள் வர 15 நாட்கள் ஆகும் என்றால், 18ஐ 15ஆல் பெருக்கி 270. இருப்பு 270ஐத் தொட்டதும் அடுத்த ஓடரை அனுப்பிவிடுங்கள். சராசரித் தேவை 120 மட்டுமே என்பதால் மிகுதி 150 பெட்டிகள் உங்கள் காப்பிருப்பு. அந்த 150தான் துறைமுகத்துக்கும் காலநிலைக்கும் நாம் கட்டும் காப்புறுதிக் கட்டணம் என்று முதலாளிக்கு விளக்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் கணினியில் உள்ள இருப்பும் தட்டில் உள்ள இருப்பும் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். ஆண்டு முடிவில் கடையை மூடி எண்ணுவதை மட்டும் நம்பாமல், நாளுக்குப் பத்துப் பொருட்களை எடுத்து எண்ணி, வித்தியாசம் வந்தால் அன்றே காரணத்தைத் தேடுங்கள். முதல் உள், முதல் வெளி என்ற ஒழுங்கையும் கண்ணால் பாருங்கள். கடலோரக் காற்றில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருளும். புதிதாக வந்த பெட்டிகளைப் பழையவற்றுக்கு முன்னால் அடுக்கினால், ஆறு மாதம் கழித்துச் சுவரோரம் கிடப்பதைப் பிரித்துப் பார்க்கும்போது, போட்டோப் பிரதி இயந்திரத்தில் சிக்குகிற தாளாக அது மாறியிருக்கும்.

ஐந்தாம் படி: ஐந்து எஸ்

செய்ரி, செய்த்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதல் ஆங்கில எழுத்திலிருந்து வந்தது, வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் இந்த முறையின் பெயர்: வேண்டாததை அகற்றுதல், வேண்டியதற்கு இடம் குறித்தல், துப்புரவாக்குதல், அதை எல்லோருக்கும் ஒரே நியமமாக்குதல், அதைப் பழக்கமாக்குதல். இலங்கை 1966இலிருந்து ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பின் உறுப்பு நாடு. இங்குத் தேசிய உற்பத்தித்திறன் செயலகமும் இருப்பதால் அரச அலுவலகங்களில் இந்தச் சுவரொட்டியைக் காணாதவர் இரார். சுவரொட்டியோடு நின்றுவிடுவதும் உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கி முறையாக நடத்திய விதம், பின்னர் ஜப்பானிய உதவியோடு ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது என்பதை ஐயப்படுவோருக்குச் சொல்லலாம்.

புதியவருக்கு ஒரே ஆலோசனை: முழு நிறுவனத்திலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், ஒரு மேசையில் அல்லது ஒரு தட்டில் தொடங்குங்கள். சரிபார்க்கும் மேசையில் கத்தரிக்கோல், ஒட்டுநாடா, மார்க்கர் பேனை ஆகிய மூன்றின் வடிவத்தையும் பலகையில் வரைந்து அதன் மேல் தொங்கவிட்டோம். ஒன்று குறைந்தால் வெறும் கோடு தெரியும். ஒட்டுநாடா தேடும் நேரம் நின்றது. பக்கத்து மேசைக்காரர் தாமாகவே வந்து தமக்கும் ஒரு பலகை கேட்டார்.

ஆறாம் படி: வேலைமுறையை எழுதிவைத்தலும் நாளைத் திட்டமிடலும்

ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பது ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போகும் நாளில் நிறுவனமும் விடுமுறை எடுக்கும். முக்கியமான ஐந்தாறு வேலைகளை, அவற்றைச் செய்பவரே சொல்லச் சொல்ல, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கொழும்புக் களஞ்சியத்தில் தமிழும் சிங்களமும் இரண்டும் வேண்டும். எழுத்தைவிடப் படமும் பொருள் இலக்கமும் நன்றாக வேலை செய்யும். ஓடர் வரும் வாசலையும் ஒன்றாக்குங்கள். இரவு பத்து மணிக்கு விற்பனைப் பிரதிநிதியின் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை ஓடர் என்று ஏற்றால், காலையில் அவர் பேருந்தில் இருக்கும்போது அதை யார் கேட்பது? நிறுவனத்தின் ஒரே இலக்கத்துக்கு, எழுத்தில் வந்தால் மட்டுமே ஓடர் என்று சொல்லிவிட்டால் முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும், பிறகு பழகிவிடும்.

காலையில் பத்து நிமிடம் எல்லோரும் நின்றபடி பேசுங்கள்: நேற்று எத்தனை ஓடர்கள் போயின, எவை நின்றன, இன்று எது முட்டும். நாற்காலி போட்டால் அது அரை மணி நேரமாகும். நாட்காட்டியையும் அப்போது பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் புறக்கோட்டையில் பல கடைகள் மூடியிருக்கும். அந்நேரத்துக்கு அங்கே லொறியை அனுப்புவதால் ஓட்டுநரும் உதவியாளரும் தெருவில் காத்திருப்பதைத் தவிரப் பயனில்லை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் வரும் நாளிலும் போயா தினத்துக்கு முதல் நாள் மாலையிலும் காலி வீதிக்கான விநியோகத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

மென்பொருளை ஏன் பின்னுக்கு வைத்தேன்

ஏனெனில் நான் அதை முன்னுக்கு வைத்துச் சூடுபட்டவன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பட்டைக்குறி வாசிப்பானோடு இருப்பு மென்பொருளொன்றை வாங்கும்படி நானே வற்புறுத்தினேன். மூன்றாம் மாதத்தில், கறுப்புப் பேனை கேட்ட கடைக்கு நீலப் பேனை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டபோது, எடுத்தவர் தவறாக எடுத்தார் என்றார்கள். ஏன் தவறாக எடுத்தார்? திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஏன் ஒரே பெயர்? பதியும்போது பெயரின் முதல் இருபது எழுத்துகள் மட்டும் ஏறின, நிறம் கடைசியில் இருந்தது. ஏன் அதைக் கவனிக்கவில்லை? பழைய புத்தகத்தில் ஒரே தாள் மூன்று பெயர்களில், சில இடங்களில் போட்டோக் கடதாசி என்றும் சில இடங்களில் ஏ-4 என்றும் கிடந்ததைத் திருத்தாமல் அப்படியே ஏற்றிவிட்டோம். குழப்பத்தை வேகமாக்கும் இயந்திரத்தை நான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஆகவே முதலில் பொருட்பெயர்களையும் இலக்கங்களையும் எக்செல் தாளில் ஒழுங்குபடுத்துங்கள். இரட்டைப் பெயர்களை அழியுங்கள். ஒரு மாதம் அந்தத் தாளோடு வேலை செய்து பாருங்கள். அதன் பின் மென்பொருள் வாங்கினால், விற்பவரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மீண்டும் அதே நடை

எந்த மாற்றத்தையும் ஒரு நேரத்தில் ஒன்றாகவே செய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுற்றை அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர் 1950இல் ஜப்பானில் ஆற்றிய விரிவுரைகளின் வழியே அது அங்கே பரவியது. நம் நிறுவனங்களில் முதல் இரண்டும் உற்சாகமாக நடக்கும், மூன்றாவதுதான் மறந்துபோகும். அதனால் சரிபார்க்கும் தேதியை மாற்றம் தொடங்கும் நாளிலேயே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முதல் வாரத்தில் செய்தது போலவே, இன்னொரு சாதாரண ஓடரின் பின்னால் நடந்து அதே மூன்று நேரங்களைக் குறியுங்கள். எங்கள் இரண்டாவது நடையில் ஓடர் அதே நாள் பிற்பகல் 3.40க்குப் பொதியாகி வாசலில் இருந்தது. அங்கே மறுநாள் காலைவரை நின்றது, ஏனெனில் லொறிக்கு ஒரே ஒரு பயணம்தான் திட்டமிடப்பட்டிருந்தது. கொப்பியில் புதிய பக்கத்தைப் புரட்டி, மேலே "லொறி" என்று எழுதினேன்.